காப்பிப் பொட்டலத்தில் ஒரு கதாநாயகன்

கதை எழுதுகிறவர்களைப் பார்த்து, "உங்கள் எழுத்தினால் யாருக்காவது ஒரு வேளைச் சோறு கூடுதலாகக் கிடைத்ததுண்டா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் ஹாலந்து தேசத்துச் சரித்திரம் ஒன்றைச் சொல்வது வழக்கம்.

1830-லிருந்து ஜாவாத் தீவின் குடியானவர்கள் தங்கள் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கை டச்சு சர்க்கார் கேட்ட பயிர்களுக்கு ஒதுக்கவேண்டும் என்று ஏற்பாடாயிற்று. காப்பியும் சர்க்கரையும் அவுரியும் கப்பலேறின. ஹாலந்தின் கஜானா நிரம்பியது. 1856-ல் லெபாக் பகுதியில் அதிகாரியாக இருந்த எடுவார்ட் டௌவெஸ் டெக்கர், குடிகளைச் சுரண்டிய உள்ளூர்ப் பிரபுவின்மீது புகார் செய்தார். மேலிடத்தார் செவி சாய்க்கவில்லை. அவர் உத்தியோகத்தை உதறிவிட்டு ஐரோப்பா திரும்பி, 'முல்டாட்டூலி' என்ற புனைபெயரில் ஒரு நாவல் எழுதினார். 1860-ல் வெளிவந்த அந்த நாவலின் பெயர் 'மாக்ஸ் ஹாவ்லார்'. அதில் கதை சொல்ல வருபவன் ஒரு காப்பித் தரகன். கோயிலுக்குத் தவறாதவன், கடனைத் தவறாமல் கட்டுபவன். காப்பியை விளைவித்தவன் சாப்பிட்டானா என்பது மட்டும் அவன் கணக்கில் வராது.

நாவல் ஹாலந்தை உலுக்கிவிட்டது. ஆனாலும் கட்டாயச் சாகுபடி மெல்ல மெல்லத்தான் ஒழிந்தது. காப்பியில் அது இருபதாம் நூற்றாண்டு வரை நீடித்தது.

நூற்றிருபத்தெட்டு வருஷங்களுக்குப் பிறகு அந்தக் கதாநாயகன் மறுபிறவி எடுத்தான். மெக்ஸிகோவில் ஒவாஹாகா மலைகளில் பழங்குடி விவசாயிகளோடு வாழ்ந்த டச்சுப் பாதிரியார் பிரான்ஸ் வான் டெர் ஹாஃப், அவர்கள் கேட்பது தர்மம் அல்ல, நியாயமான விலை என்று உணர்ந்தார். நிக்கோ ரூசென் என்பவரோடு சேர்ந்து, 1988-ல் காப்பிப் பொட்டலத்துக்கு ஒரு முத்திரை கண்டார். முத்திரையின் பெயர்: மாக்ஸ் ஹாவ்லார்! மறுவருஷமே சர்வதேசக் காப்பி ஒப்பந்தத்தின் பங்கீட்டு முறை சரிந்து, விலை அதலபாதாளத்துக்குப் போயிற்று. முத்திரை எவ்வளவு அவசியம் என்பது அப்போது விளங்கியது.

ஆனால் விலை மட்டும் போதுமா? விவசாயியின் வீட்டில் அடுப்பு எரியவேண்டியது அறுவடைக்கு முந்திய மாதங்களில். அப்போது கையில் பணத்தோடு வருகிற இடைத்தரகனுக்கு அந்த மலைகளில் 'கொயோட்டே' என்று பெயர். நம் ஊர் நரிக்கு உறவான ஒரு காட்டு மிருகம். அவன் கடன் கொடுப்பான். விளைச்சலை அடிமாட்டு விலைக்கு அள்ளிப் போவான். கூட்டுறவுச் சங்கம் நல்ல விலை தருவதாக இருந்தாலும், ஏற்றுமதிப் பணம் வந்துசேரும் வரை காத்திருக்க ஏழைக்கு முடியாது. ஆகவே சங்கம் கேட்டால், வாங்குபவர் ஒப்பந்தத் தொகையில் 60 சதவீதம் வரை முன்பணம் தரவேண்டும் என்பதும் நியாய வர்த்தக விதிகளில் ஒன்றாயிற்று.

அந்த முன்பணத்துக்கு மூலதனம் எங்கிருந்து வரும்? இங்கேதான் சாதாரணக் குடும்பஸ்தர்கள் கதைக்குள் வருகிறார்கள். 1968-ல் ஸ்வீடனின் உப்சாலா நகரில் உலகத் திருச்சபைகளின் மன்றம் கூடியபோது, திருச்சபைகளின் சேமிப்பு எங்கே வேலை செய்கிறது என்ற கேள்வி எழுந்தது. அதன் விளைவாக 1975-ல் பிறந்ததுதான் இன்று 'ஓய்க்கோகிரெடிட்' எனப்படும் கூட்டுறவு ஸ்தாபனம். இங்கிலாந்தின் நியூகாஸில் நகரில் 1990-ல் 'ஷேர்டு இன்டரெஸ்ட்' தோன்றியது. 2004-ல் 'காஃபேடைரக்ட்' என்ற காப்பிக் கம்பெனி பொதுமக்களுக்குப் பங்குகள் விற்று 50 லட்சம் பவுன் திரட்டியது. இவற்றில் பணம் போட்டவர்கள் குபேரர்களாகிவிடவில்லை. ஓய்க்கோகிரெடிட்டின் லாபப்பங்கு பல வருஷங்கள் 2 சதவீதத்தைத் தாண்டியதில்லை. இலைநோய் வந்து தோட்டம் அழிந்தால் கடன் திரும்பாமலும் போகலாம்.

பாங்கியில் பணம் போடும்போது, "எத்தனை வட்டி?" என்று நாம் கேட்கிறோம், "யாரிடம் போகிறது?" என்று கேட்பதில்லை. அந்தக் காப்பித் தரகனும் இப்படித்தான் இருந்தான். அவன் கெட்டவன் அல்ல, கேட்காதவன். கேட்டவர்கள் கொஞ்சம் வட்டியை விட்டுக்கொடுத்தார்கள். அந்த வட்டிதான், எங்கோ ஒரு மலையில் ஒரு குடியானவன் கொயோட்டேயைத் திருப்பி அனுப்பிவிட்டு, இன்னும் இரண்டு மாதம் காத்திருப்பதற்கு ஆகிற செலவு.