சின்ன வார்த்தைகள்

என் பாட்டா இங்கிலீஷ் அகராதியைப் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்தவர். ‘விளக்கை அணை’ என்பதற்கு ‘எக்ஸ்டிங்குவிஷ்’ என்று கணீரென்று சொல்வார். அந்த இங்கிலீஷை நம்பி, மலைத் தோட்டம் ஒன்றில் கணக்குப்பிள்ளை வேலைக்குப் போனார். பேரேட்டை வாசித்துக் காட்டச் சொன்னான் துரை. பாட்டா பாதியில் மூச்சு வாங்க நிறுத்தினார். “கேரி ஆன்” என்றான் துரை. ‘கேரி’ என்றால் ‘சும’ என்பது பாட்டாவுக்குத் தெரியும். பேரேட்டை மூடித் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். துரை விழுந்து விழுந்து சிரித்தான். வேலை வேறொருவருக்குப் போயிற்று.

பாட்டாவின் மீது குற்றம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. எங்கள் நாட்டுக்கு இங்கிலீஷ் வந்த வழி அப்படி. ரிங்கல்தௌபே என்ற பாதிரியார் தரங்கம்பாடியில் தமிழ் படித்துவிட்டு 1806-ல் மயிலாடிக்கு வந்தார். லண்டன் மிஷன் அனுப்பிய அவர் இங்கிலீஷ்காரர் அல்ல, ஜெர்மானியர்! அவர் போட்ட விதை, பின்னால் வந்த மீட் பாதிரியார் காலத்தில் நாகர்கோவிலில் செமினரியாக வளர்ந்தது. அதுவே 1893-ல் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி ஆயிற்று. நாகர்கோவிலில் பாடம் சொல்லிவந்த ராபர்ட்ஸ் என்பவரைத்தான் சுவாதித் திருநாள் மகாராஜா 1834-ல் திருவனந்தபுரத்துக்கு வரவழைத்து இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வைக்கச் செய்தார். இங்கிலீஷ் படித்தால் உத்தியோகம் என்ற எண்ணம் ஊரில் வேரூன்றிவிட்டது. உத்தியோகத்துக்காகப் படித்த பாஷை மனு எழுத உதவும். அடுப்படிப் பேச்சுக்கு உதவுமா?

வாழ்க்கைக்கு வேண்டிய இங்கிலீஷோ அடுப்படியில்தான் இருக்கிறது. எழுவதற்கு ‘கெட் அப்’, உடுத்துவதற்கு ‘புட் ஆன்’, இல்லாமையைச் சமாளிப்பதற்கு ‘டு விதவுட்’, சகித்துக்கொள்வதற்கு ‘புட் அப் வித்’, ஓரிடத்தில் நிலைத்து வாழ்வதற்கு ‘செட்டில் டவுன்’. ஒவ்வொரு வார்த்தையும் குழந்தைக்குக்கூடத் தெரிந்தது. இரண்டு சேர்ந்தால் பண்டிதரும் திகைக்கிறார். அன்னியருக்கு இதைவிடப் பெரிய கஷ்டம் இங்கிலீஷில் இல்லை என்று சாமுவேல் ஜான்சனே 1755-ல் வெளியிட்ட தமது அகராதியின் முன்னுரையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். இவற்றுக்கு ‘பிரேசல் வெர்ப்’ என்ற பெயரைப் பரவச் செய்தவர் லோகன் பியர்சால் ஸ்மித். அவருடைய புத்தகம் வந்தது 1925-ல். பாட்டாவின் பள்ளிக்கூட நாட்களில், எது வரவில்லை என்று வாத்தியாரிடம் கேட்பதற்கு ஒரு பெயர்கூடக் கைவசம் இல்லை.

நம் பாஷை மட்டும் சாதுவா என்ன? ‘விட்டுக்கொடு’ என்பதில் எதை விடுகிறோம், எதைக் கொடுக்கிறோம்? ‘போட்டுக்கொடு’ என்றால் ஒரு கடையில் ஒரு பொருள், ஓர் ஆபீசில் வேறு பொருள். ‘பார்த்துக்கொள்’ என்பதில் கண்ணுக்கு வேலையே இல்லை. தரங்கம்பாடியில் உட்கார்ந்து தமிழ் படித்த அந்த ஜெர்மானியரும் இந்த இடத்தில் பாட்டாவைப் போலத் திண்டாடித்தான் இருப்பார்.

உயர்ந்த பாஷை என்றால் நீளமான வார்த்தை என்று நமக்கு ஒரு பிரமை. தேரூரில் 1876-ல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை எட்வின் ஆர்னால்டின் இங்கிலீஷ் காவியத்தைப் படித்து ‘ஆசிய ஜோதி’யாகத் தந்தார். பள்ளிச் சிறுவனுக்கும் விளங்கும் சின்னத் தமிழ் வார்த்தைகளில் அதைச் செய்தார். எந்தப் பாஷையிலும் உயிர் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கடைசிக் காலத்தில் ஒருநாள் பாட்டா என் பாடப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது: ‘கேரி ஆன் – தொடர்ந்து செய்.’ கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் படித்தார்.

“இவ்வளவுதானா டே?” என்றார்.