பெயரும் பெயர்ச்சியும்

தமிழில் ‘பெயர்’ என்னும் சொல்லுக்கு இரு நிலை உண்டு. பெயர்ச்சொல்லாக நின்றால் அது ஒரு பொருளை அழைக்கும் குறி. வினையாக நின்றால் இடம்விட்டு இடம் நகர்தல். தொல்காப்பியர் முன்னதற்குச் சொல்லதிகாரத்தில் பெயரியல் என ஓர் இயலையே வகுத்தார். பின்னதைக் குடிபெயர்தல் என்றும் கோள் பெயர்ச்சி என்றும் உலக வழக்கு இன்றும் ஆள்கிறது. 1971 நவம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்திலிருந்து வெளிவந்த யூனிக்ஸ் கையேட்டின் முதற்பதிப்பில் இவ்விரு பொருளும் ஒரே சொல்லில் கூடியிருப்பதைத் தமிழர் வியப்புடன் காணலாம். கோப்பை இடம் மாற்றுவதற்கு ஒன்று, பெயர் மாற்றுவதற்கு ஒன்று எனக் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் இரு கட்டளைகள் வகுக்கவில்லை. ‘மூவ்’ என்பதன் சுருக்கமாகிய ‘எம்வி’ ஒன்றே இரண்டையும் செய்தது.

இது சொற்சிக்கனம் மட்டுமன்று. யூனிக்ஸில் கோப்பின் பெயர் கோப்பின் உடலில் இல்லை. கோப்பைப் பொறி ஓர் எண்ணால் அறியும். பெயரோ அடைவு என்னும் பட்டியலில் அவ்வெண்ணுக்கு எதிரே எழுதப்பட்டிருக்கும். ஒரு பட்டியலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி எழுதினால் இடப்பெயர்ச்சி. அதே பட்டியலில் வேறு சொல்லை எழுதினால் பெயர் மாற்றம். உள்ளிருக்கும் நூலை எவரும் தொடுவதில்லை. ஆகவே தீங்கு நேராது என்று எண்ணுவது இயல்பு. அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதைத் தமிழ் நூல்கள் மின்வடிவம் பெற்ற வரலாறு காட்டும்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் முற்பகுதியிலும் இங்குப் பரவியிருந்த டாஸ் பொறிகளில் கோப்புக்கு எட்டெழுத்துப் பெயரே. புள்ளிக்குப்பின் வகை காட்ட மூன்றெழுத்து. அவையும் ரோமன் எழுத்துகள். 1995இல் வந்த விண்டோஸ் 95 நீண்ட பெயருக்கு இடம் தந்தது. ஆயினும் பழைய செயலிகளின் பொருட்டு உள்ளே ஒரு குறும்பெயரையும் வைத்துக்கொண்டது. சிலப்பதிகாரத்தின் மூன்று காண்டங்களை நூற்பெயர் முன்னிற்க மூன்று கோப்புகளாக வைத்தவருக்கு, நூற்பெயரின் முதல் ஆறு ரோமன் எழுத்துகளும் ஒரு நெளிகோடும் 1, 2, 3 என்னும் எண்களுமே அக்குறும்பெயராக எஞ்சின. அவ்வெண் காண்ட வரிசையன்று, சேமித்த வரிசை. வஞ்சிக்காண்டத்தை முதலில் சேமித்தவருக்கு அதுவே 1.

இச்சூழலில்தான் 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சங்கம் வளர்த்த நகரின் பெயரைத் தாங்கி, மதுரை தமிழ் இலக்கிய மின்தொகுப்புத் திட்டம் தொடங்கிற்று. சுவிட்சர்லாந்தின் லோசானில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் அதன் ஒருங்கிணைப்பாளர். பல நாடுகளில் வாழ்ந்த தன்னார்வலர்கள் ஊதியமின்றி நூல்களைத் தட்டச்சிட்டனர், மெய்ப்புப் பார்த்தனர். ஒரு கை, ஒரு மேசை என்னும் நிலை போய், நூற்றுக்கணக்கான கோப்புகள் பல கைகளிலிருந்து வந்து குவியும் நிலை தமிழிலக்கியத்துக்கு வாய்த்தது. இத்தகைய குவியலுக்கு ஒவ்வொன்றாகப் பெயரிட்டு மாளாது.

மொத்தமாகப் பெயர் மாற்றும் கலை யூனிக்ஸ் உலகில் படிப்படியாக வளர்ந்தது. 1971இலேயே நட்சத்திரக் குறிக்கு ‘எப்பெயராயினும்’ என்னும் பொருள் தரப்பட்டிருந்தது. ஸ்டீபன் போர்ன் எழுதி 1979இல் வெளிவந்த ஷெல் என்னும் கட்டளை மொழியில், ‘இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் இதைச் செய்’ என ஆணையிடும் சுழற்சி செம்மையுற்றது. கவிஞர்கள் சுவைக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. போர்னின் மொழியில் ‘இஃப்’ என்று திறந்த கட்டளை ‘ஃபி’ என்று முடியும். ‘கேஸ்’ என்பது ‘எசாக்’ என்று முடியும். நம் மாலைமாற்றின் தூரத்து உறவு எனலாம். ‘டூ’ என்பது மட்டும் திருப்பி ‘ஓட்’ என மூடப்படவில்லை. அப்பெயரில் வேறொரு கட்டளை முன்பே இருந்தது. பெயர்மோதல் கட்டளை மொழியின் பிறப்பிலேயே இருந்தது! 1987இல் பெர்ல் மொழியைப் படைத்த லாரி வால், அம்மொழியில் ‘ரிநேம்’ என்னும் சிறு நிரலையும் எழுதினார். பெயரில் இவ்வடிவம் வரின் இவ்வடிவமாகத் திரிக்க என்று ஒரு விதி தந்தால் போதும். ஆயிரம் பெயர்களும் ஒருநொடியில் திரியும். தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் விகாரங்களைக் கற்றவர்க்கு இதில் புதுமை இல்லை.

ஆனால் விதியை எழுதுபவர் புணர்ச்சி அறிந்தவராக இருக்கலாம்; பொறி அறியாது. ‘மதுரைக் காஞ்சி’ என இடைவெளி விட்டுப் பெயரிட்ட கோப்பை எடுத்துக்கொள்வோம். ஷெல்லுக்கு இடைவெளி என்பது சொல்லின் எல்லை. மேற்கோள் குறிக்குள் அடைக்காவிடில் ‘மதுரைக்’ என ஒரு கோப்பையும் ‘காஞ்சி’ என ஒரு கோப்பையும் அது தேடும். ககர ஒற்று இரண்டையும் பிணைத்து நிற்பது தமிழறிந்த கண்ணுக்கே தெரியும். சொல்லிடை வெளியே இல்லாத ஏட்டுச்சுவடிகளைப் பிரித்துப் படித்த பதிப்பாசிரியர்கள் ஒருவகையில் இடர்ப்பட்டனர். இங்கே இடைவெளி இருப்பதே இடராயிற்று.

எழுத்துக் குறியீட்டில் சிக்கல் இன்னும் ஆழமானது. மதுரைத் திட்டம் தொடக்கக் காலத்தில் கையாண்ட திஸ்கி முறை, எழுத்தைக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் வைத்தது. ‘கொ’ என்பதற்கு முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். பசுமலையில் இயங்கிய அமெரிக்கன் மிஷன் லெனாக்ஸ் அச்சகத்திலும், ஈய எழுத்துகளைக் கோத்த பிற அச்சகங்களிலும் அச்சுக் கோப்பவரின் கை சென்ற வழி அதுவே. 1991இல் தமிழையும் சேர்த்து வெளிவந்த யூனிகோடோ இலக்கணியின் வழியைப் பின்பற்றியது: மெய் முன், உயிர்க்குறி பின். ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது எழுத்துக்கு எழுத்து ஈடு வைப்பதன்று. வரிசையையும் திருப்ப வேண்டும். கொம்பைக் கண்டவுடன் அடுத்த மெய்யைத் தாண்டிச் சென்று கால் உண்டா எனப் பார்த்துத்தான் எகரமா ஒகரமா என்று துணிய இயலும்.

யூனிகோடை யூனிக்ஸ் கோப்புப் பெயர்களிலும் இடையூறின்றி எழுத வழி செய்த யுடிஎஃப்-8 முறையை 1992இல் ராப் பைக்குடன் சேர்ந்து வகுத்தவர் அதே கென் தாம்சன். அம்முறையில் தமிழ்க் குறி ஒன்று மூன்று பைட்டு கொள்ளும். ‘மதுரைக்காஞ்சி’ இலக்கணப்படி ஏழெழுத்து. யூனிகோடில் 13 குறி. கோப்புப் பட்டியலில் 39 பைட்டு. லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட்டே எல்லை என்பதால், நூற்பெயரும் ஆசிரியர் பெயரும் உரைகாரர் பெயரும் பதிப்பும் சேர்த்து எழுத விரும்புவோர் 85 குறிகளுக்குள் அடங்க வேண்டும்.

யூனிகோடில் ‘கொ’ என்பதை இருவாறு எழுதலாம். ககரத்தின்பின் ஒகரக்குறி ஒன்றை இடுவது ஒரு வழி. ககரத்தின்பின் கொம்பும் காலும் தனித்தனியே இடுவது மற்றொரு வழி. திரையில் இரண்டும் ஒன்றே. மதுரைத் திட்டம் பிறந்த அதே 1998 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் கொண்டுவந்த கோப்பு அமைப்பு, பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. லினக்ஸ் கொடுத்ததைக் கொடுத்தவாறே வைத்தது. எனவே ஒரு மாக் பொறியிலிருந்து வந்த ‘கொன்றைவேந்தன்’ லினக்ஸ் பொறியில் தட்டிய ‘கொன்றைவேந்தன்’ உடன் பொருந்தாமல், ஒரே அடைவில் ஒரே பெயரில் இரு கோப்புகள் நிற்கும் விந்தை நேர்ந்தது.

ஓலைச்சுவடிக் காலத்துச் சிக்கல் இதன் தலைகீழ். எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்பது இலக்கணம். ஏட்டில் புள்ளி இடாமல் எழுதியதால் குறிலும் நெடிலும் ஒரே வடிவாயின. எது என்று படிப்பவரே பொருள்கொண்டு துணிந்தார். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தம் அந்த மயக்கத்தைத் தீர்த்தது. அன்று ஒரு வடிவுக்கு இரு ஒலி. இன்று ஒரு வடிவுக்கு இரு எழுத்துமுறை. அன்று மயங்கியது மனிதக் கண். இன்று மயங்குவது பொறி, ஏமாறுவது கண்.

மயக்கத்தினும் கொடியது இழப்பு. தமிழ்ப் பெயர்களை ரோமன் எழுத்துக்கு மாற்றும் விதி ஒன்றை எழுதுவோர் ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே எழுத்தை இடுவது பெருவழக்கு. வலி, வளி, வழி என்னும் பெயருடைய மூன்று கோப்புகள் ஓர் அடைவில் இருப்பதாகக் கொள்வோம். விதி மூன்றுக்கும் ஒரே பெயரைத் தரும். ‘எம்வி’ கட்டளையோ, தனியே எச்சரிக்குமாறு பணிக்காவிடில், அப்பெயரில் முன்பு இருந்ததை ஓசையின்றி அழித்துவிட்டு அடுத்ததை அங்கு அமர்த்தும். சுழற்சி முடியும்போது எஞ்சுவது ஒன்று. எது எஞ்சும்? யூனிகோடு குறியெண் வரிசையில் ல, ள, ழ என்று செல்வதால் வழி எஞ்சும். நெடுங்கணக்கு முறைப்படி ல, ழ, ள என வரிசைப்படுத்தும் பொறியாயின் வளி எஞ்சும். ஒரு நூல் பிழைப்பதும் மாய்வதும் அகரவரிசையைப் பொறுத்து அமைவது அஞ்சத்தக்கதே. இதனாலன்றோ, குறியீட்டு வடிவங்களைச் சீர்செய்யும் ‘கான்வ்எம்வி’ என்னும் கருவி முதலில் எதையும் மாற்றாது, மாற்றினால் என்ன ஆகும் என்பதை மட்டும் காட்டி நிற்கிறது! மாற்றுக என்று வெளிப்படையாக இன்னொரு சொல் சொன்னால்தான் கைவைக்கும். ‘ரிநேம்’ நிரலிலும் அத்தகைய ஒத்திகைக்கு வழி உண்டு.

மதுரைத் திட்டத்தார் கண்ட தீர்வு எளிது. யூனிகோடு வடிவக் கோப்புகளுக்கு ‘பிஎம்யுனி’ என்னும் முன்னொட்டும் ஓர் எண்ணும் மட்டுமே பெயர். நூற்பெயர், ஆசிரியர், தட்டச்சிட்டவர், மெய்ப்புப் பார்த்தவர் ஆகிய அனைத்தும் கோப்பின் உள்ளே, நூலின் தலைப்பில். 2005இல் ஈழத்தவர் தொடங்கிய ‘நூலகம்’ மின்னூலகமும் கோப்புகளுக்கு எண்ணையே பெயராக்கிற்று. எண்ணுக்குச் சுவையில்லை, எந்த நூல் என்று அது சொல்லாது என்னும் குறை உண்மையே. ஆயினும் ஏட்டுச்சுவடியில் முதலேடும் கடையேடும் ஒடிந்தால் நூற்பெயரே தொலைந்த கதையை அறிந்தவர், பெயரை நூலின் உடம்போடு சேர்த்துக் கட்டியதைக் குறைகூறார். எழுத்துமுறை எத்தனை முறை மாறினும் எண்ணில் லகர ளகர மயக்கமில்லை, கொம்பும் காலும் இல்லை, இடைவெளியும் இல்லை.

அவ்வரிசையில் முதலெண் திருக்குறளுக்கு. அதை 1 என்று எழுதாமல் 0001 என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. பொறி இலக்கங்களையும் எழுத்துகளைப் போலவே இடமிருந்து வலமாக ஒப்பிடும். முன்னே சுழி இல்லையேல் 10 என்பது 2க்கு முன் சென்று அமரும். நான்கு இலக்கம் என்பதால் 9999ஆம் நூல் வரை அவ்வரிசை குலையாது.