வரிச்சலுகை வீடும் வசதியான புறநகரும்: மவுண்ட் லாரல் வழக்கை முன்வைத்து

அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தச் சட்டத்தோடு பிறந்தது குறைந்த வருவாயினர் வீட்டுவசதிக்கான வரிச்சலுகை. இதன்படி அரசு கட்டுமானத்துக்கு நேராகப் பணம் தருவதில்லை. மக்கள்தொகைக்கேற்ப மாநிலங்களுக்குப் பங்கிடப்படும் சலுகையைப் போட்டியில் வென்று பெறும் கட்டுமானர், அதை வங்கி போன்ற முதலீட்டாளருக்கு மாற்றிக் கொடுத்து மூலதனம் திரட்டுகிறார். முதலீட்டாளர் 10 ஆண்டுகளுக்குத் தம் வரியில் அதைக் கழித்துக்கொள்கிறார். பதிலுக்கு அந்த வீடுகளில் வருமான வரம்பும் வாடகை உச்சவரம்பும் நீண்டகாலம் நிலைக்கின்றன. இந்த ஏற்பாடு கட்டடத்துக்கு வழி செய்கிறது; மனைக்கு வழி செய்வதில்லை. வீடு எந்த ஊரில் எழலாம் என்பதை உள்ளாட்சியின் நிலப் பயன்பாட்டு விதியே முடிவுசெய்கிறது. அந்த விதி திறக்காதவரை, சலுகையை எவ்வளவு கூட்டினாலும் வசதியான புறநகருக்குள் அது நுழையாது என்பதே இங்கு முன்வைக்கும் வாதம்.

நியூ ஜெர்சியின் மவுண்ட் லாரல் இதற்குத் தெளிவான சான்று. அவ்வூரின் விதிகளை அலசிய மாநில உச்ச நீதிமன்றத்தின் 1975ஆம் ஆண்டுத் தீர்ப்பில் ஒரு நிபந்தனை பதிவாகியிருக்கிறது: அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டுக்கு 0.3 பள்ளிப் பிள்ளைக்கு மேல் வந்தால், மிகுதிப் பிள்ளைகளின் படிப்புச் செலவைக் கட்டியவரே ஏற்க வேண்டும். ஏழைகள் வரக்கூடாது என்று விதியில் எங்கும் எழுத வேண்டியிருக்கவில்லை. பிள்ளையைச் செலவுக் கணக்கில் எழுதினாலே போதுமானதாக இருந்தது. ஒவ்வோர் ஊரும் வட்டாரத் தேவையில் தன் நியாயமான பங்கை ஏற்க வேண்டும் என்ற நீதிமன்றம், 1983இல் அதை இன்னும் கடுமையாக வலியுறுத்தியது. ஆயினும், வழக்கின் முகமாக விளங்கிய எத்தல் லாரன்ஸ் 1994இல் மறைந்த பிறகே, அவர் பெயரில் வரிச்சலுகையின் துணையோடு 140 வீடுகள் எழுந்தன. முதற்கட்டக் குடியேற்றம் 2000த்தை ஒட்டித் தொடங்கியது. சலுகை கையில் இருந்தும் பல ஆண்டுகள் கழிந்தன. தீர்ப்பின் அழுத்தம் இல்லாவிட்டால் அதுவும் நடந்திராது.

இத்தகைய வீடுகள் வந்தால் குற்றம் பெருகும், சொத்து மதிப்பு சரியும் என்ற அண்டையாரின் அச்சம் முற்றிலும் கற்பனையா? சமூகவியலாளர் டக்ளஸ் மாசி குழுவினரின் 2013ஆம் ஆண்டு நூல், ஒத்த அண்டை ஊர்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, குற்றம், சொத்து மதிப்பு, வரி ஆகியவற்றில் இக்குடியிருப்பால் பாதிப்பு இல்லை என்று கண்டது. ஆனால் ஓர் ஊரின் அனுபவம் எல்லா ஊருக்கும் சான்றாகாது. பொருளியலாளர்கள் ரெபெக்கா டயமண்டும் டிம் மெக்குவேடும் பரந்த தரவில் கண்டது வேறு: வரிச்சலுகைக் குடியிருப்பிலிருந்து 0.1 மைல் தொலைவுக்குள் வீட்டு விலை ஏழைப் பகுதிகளில் 6.5 விழுக்காடு உயர்கிறது. சிறுபான்மையினர் குறைவாக உள்ள வசதியான பகுதிகளில் 2.5 விழுக்காடு குறைகிறது. அப்படியானால் ஏழைப் பகுதியிலேயே கட்டுவதுதானே நல்லது என்ற கேள்வி எழுகிறது. இதுவே வலுவான எதிர்வாதம்.

ஆனால் விலையை வைத்து அளக்கும் கணக்கில் அண்டையாரின் ஆதாயமும் இழப்பும் தெரியும். குடிவரும் பிள்ளைகளின் எதிர்காலம் தெரியாது. பொருளியலாளர் ராஜ் செட்டி குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், வறுமை குறைந்த பகுதிகளுக்கு 13 வயதுக்கு முன் இடம்பெயர்ந்த பிள்ளைகள், இருபதுகளின் நடுவில் 31 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதித்தனர். அது வாடகை உதவிச் சீட்டு பற்றிய சோதனை, வரிச்சலுகை பற்றியதன்று. எனினும் இடம் வாழ்க்கையை மாற்றும் என்பதை அது நிறுவுகிறது. ஏழைப் பகுதிகளில் கட்டுவதை நிறுத்தச் சொல்லவில்லை. அங்கு மட்டுமே கட்ட நேரும் நிலை மாற வேண்டும். அதற்கு, ஊரின் நியாயப் பங்கைச் சட்டக் கடமையாக்கி, சலுகையை அதோடு பிணைக்க வேண்டும். 0.3 என்று பிள்ளையைச் செலவாக எண்ணத் தெரிந்த கணக்குக்கு, அதே பிள்ளையை வரவாகவும் எண்ணத் தெரிய வேண்டும்.