இடுப்பு மடிப்பும் மரப்பிசினும்

காட்கோபரில் லோக்கல் ரயில் ஏறிப் பரேலில் இறங்கினால், 1941இல் திறந்த டாடா நினைவு மருத்துவமனைக்குப் போய்விடலாம். அங்கே பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொள்பவர்களில் சிலர் வயிற்றில் ஸ்டோமாவோடு வீடு திரும்புகிறார்கள். குடல்முனையை வயிற்றுத் தோலின் வழியே வெளியே எடுத்து, மலம் பையில் சேரச் செய்யும் ஏற்பாடு அது. புதிய வித்தையல்ல. 1793இலேயே பிரான்சின் சர்ஜன் துயூரே, ஆசனவாய் இல்லாமல் பிறந்த குழந்தைக்கு அப்படித் திறப்பு வைத்தார். குழந்தை 45 வயது வரை வாழ்ந்தது. ஆனாலும் பின்வந்த ஒன்றரை நூற்றாண்டு, கசிவும் தோல் வெந்துபோவதும் நோயாளியின் தலைவிதி என்றே விடப்பட்டன. அது விதியல்ல, கவனக்குறைவின் விளைவு என்பதைத்தான் பின்வந்த வரலாறு காட்டுகிறது.

எல்லாம் சர்ஜன் கைத்திறன்தானே என்று கேட்கலாம். பாதி உண்மை. சிறுகுடல் முனையைச் சட்டைக் கையைப்போல் வெளிப்புறமாக மடித்துத் தைக்கும் முறையை 1952இல் பிரிட்டிஷ் சர்ஜன் பிரயன் புரூக் விளக்கியபின், செரிமான நீர் தோலைத் தொடாமல் பைக்குள் விழுந்தது. ஆனால் மீதிப் பாதி அறுவை அறைக்கு வெளியே தீர்ந்தது. அமெரிக்காவின் கிளீவ்லண்டில் சர்ஜன் ரூபர்ட் டர்ன்புல் தோலைக் காக்கக் கராயா பிசினைப் பயன்படுத்தினார்; அது இந்தியக் காடுகளில் வடியும் மரப்பிசின். தம்மிடம் அறுவை செய்துகொண்ட நார்மா கில்லையே 1958இல் மற்ற நோயாளிகளுக்குப் பராமரிப்பு சொல்லித்தர அமர்த்தினார். ஸ்டோமா நர்ஸ் என்ற தொழில் அங்கிருந்தே கிளைத்தது.

நல்ல பை விலை அதிகம், ஏழைக்கு எங்கே என்பது அடுத்த மறுப்பு. விலை பாரம்தான். ஆனால் ஸ்டோமா தோல் மடிப்பில் அமைந்துவிட்டால் விலையுயர்ந்த பையும் ஒழுகும். அறுவைக்கு முன்பே நோயாளியை உட்காரவைத்து, நிற்கவைத்து, குனியவைத்து, பாவாடை நாடாவோ வேட்டிக்கட்டோ படாத இடத்தைப் பேனாவால் குறிப்பதற்குச் செலவே இல்லை. அறுவைக்குப்பின் சில வாரங்களில் ஸ்டோமா சுருங்கும். ஆகவே மறுபடி அளந்து, பையின் துளையை அதைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக வெட்ட வேண்டும். பளு தூக்காவிட்டால் குடலிறக்க அபாயம் குறையும். சிவப்பாக இருக்க வேண்டிய முனை கறுத்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். இவற்றைச் சொல்லித்தர ஒரு நர்ஸும் கேட்டுக்கொள்ள நோயாளிக்கு அரைமணி நேரமும் போதும். பையின் விலை இறங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வைத்தியம் இது.