துப்பாக்கி ஒரு தடவை செலவு... தோட்டா தினமும் செலவு! வாங்கும் முன் இந்தக் கணக்கைப் பாருங்க

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் இந்தியாவுக்குக் கிடைத்தது மொத்தம் 6 பதக்கங்கள். அதில் 3, துப்பாக்கிச் சுடுதலில் வந்தவை. மனு பாக்கர், சரப்ஜோத் சிங், ஸ்வப்னில் குசாலே மேடையில் நின்றதைப் பார்த்துவிட்டு, 'நாமளும் ட்ரை பண்ணலாமே' என்று போனில் 'ஏர் ரைபிள் விலை' தேடினவங்கள்ல நீங்களும் ஒருத்தரா? அப்போ இது உங்களுக்குத்தான்.

பெரும்பாலானவங்க துப்பாக்கியோட விலையை மட்டும் பார்ப்பாங்க. அப்பாகிட்ட பேசி, சேமிப்பை உடைச்சு, எப்படியோ வாங்கிடுவாங்க. ஆனா அது ஒரு தடவை செலவு. அதுக்குள்ள போடுற தோட்டா, பயிற்சி நடக்கிற ஒவ்வொரு நாளும் செலவு. கணக்கு போடாமல் இறங்கினால், வாங்கிய ரைபிள் பரண்மேல் ஏறிவிடும். அதுவும் திருத்தணி மாதிரி, பயிற்சி மையமும் கடையும் பக்கத்துத் தெருவில் இல்லாத ஊரில் இருந்தால், இந்தக் கணக்கு இன்னும் முக்கியம்.

பெல்லட் வேற, தோட்டா வேற!

ஏர் ரைபிள், ஏர் பிஸ்டலில் போடுவது பெல்லட். 4.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள சின்ன ஈயக் குண்டு, அவ்வளவுதான். உள்ளே வெடிமருந்து எதுவும் கிடையாது; அழுத்தப்பட்ட காற்றுதான் அதைத் தள்ளும். 10 மீட்டர் போட்டிகள் எல்லாம் இந்த வகை.

25 மீட்டர் பிஸ்டல், 50 மீட்டர் ரைபிள் போட்டிகளில் பயன்படுவது .22 தோட்டா. இதில் குண்டு, வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் ரசாயனம், பித்தளைக் கூடு எல்லாம் உண்டு. பறக்கும் தட்டைச் சுடும் ட்ராப், ஸ்கீட் போட்டிகளுக்கு 12 போர் ஷாட்கன் தோட்டா.

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும், சென்னையில் பிறந்து 2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் வெண்கலம் வென்ற ககன் நரங்கும் பெயர் வாங்கியது 10 மீட்டர் ஏர் ரைபிளில். பாரிஸில் ட்ராப் போட்டியில் கலந்துகொண்ட புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் கையில் இருந்தது ஷாட்கன். வெளியே இருந்து பார்த்தால் எல்லாம் 'ஷூட்டிங்'தான். ஆனா செலவும் சட்டமும் மொத்தமா வேற.

எதுக்கு லைசென்ஸ் வேணும்?

1959-ம் வருட ஆயுதச் சட்டமும் 2016-ம் வருட ஆயுத விதிகளும்தான் இதற்கு அடிப்படை. 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மிகாத சக்தியும் கொண்ட ஏர் கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. போட்டிக்கான ஏர் ரைபிளின் சக்தி சுமார் 7.5 ஜூல்தான். கடையில் அடையாள அட்டை கேட்பார்கள். தயங்காமல் கொடுத்து, ரசீதை வாங்கிப் பத்திரமா வெச்சுக்குங்க.

.22, 12 போர் கதை வேறு. துப்பாக்கிக்கு மட்டுமல்ல, தோட்டாவுக்கும் லைசென்ஸ் வேண்டும். பொதுவாக 21 வயது முடிந்திருக்க வேண்டும். விளையாட்டுப் பயிற்சிக்கு மட்டும் தனிச் சலுகைகள் உண்டு. ஒரு நேரத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், வருடத்துக்கு எத்தனை வாங்கலாம் என்பதெல்லாம் லைசென்ஸிலேயே எழுதியிருக்கும். வாங்கும்போது டீலர் அதில் பதிவு செய்வார். காசு இருக்கு என்பதற்காக இஷ்டத்துக்கு வாங்கிக் குவிக்க முடியாது.

திருத்தணிக்காரங்க கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம், லைசென்ஸ் எந்த எல்லை வரை செல்லும் என்பது. தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லும் லைசென்ஸை வைத்துக்கொண்டு, தோட்டாவோடு நகரி தாண்டிப் போனால் அது சட்டமீறல். நமக்கு அது அரை மணி நேர பஸ் பயணமா இருக்கலாம். சட்டத்துக்கு அது இன்னொரு மாநிலம்.

விலை எப்படி ஏறுது?

போட்டித் தரமுள்ள பெல்லட்டுகளும் .22 தோட்டாக்களும் பெரும்பாலும் இறக்குமதிதான். பெல்லட்டில் ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ்., ஹெச் அண்ட் என், செக் நாட்டின் ஜே.எஸ்.பி. ஆகியவை பிரபலம். .22-ல் இங்கிலாந்தின் எலி, பின்லாந்துப் பெயரான லாபுவா.

ஒரு டப்பா உங்க கைக்கு வருவதற்குள் நாலு இடத்தில் விலை ஏறும். யூரோவுக்கு எதிரான ரூபாய் மதிப்பு, கப்பல் அல்லது விமானச் செலவு, சுங்கவரியும் ஜி.எஸ்.டி.யும், கடைசியா இறக்குமதியாளர், கடைக்காரர் லாபம். இதில் எது மாறினாலும் அடுத்த சரக்கு வரும்போது விலை மாறும். அதனால்தான் ஒரே பெல்லட் இரண்டு கடையில் இரண்டு விலை: ஒருத்தர்கிட்ட இருப்பது பழைய சரக்கு, இன்னொருத்தர்கிட்ட புதுசு.

.22 தோட்டா விஷயத்தில் கதவு இன்னும் குறுகல். இறக்குமதிக்கே அனுமதி வேண்டும். 1951-ல் தொடங்கப்பட்ட இந்திய தேசிய ரைபிள் சங்கமும், தகுதி பெற்ற வீரர்களும்தான் விளையாட்டுக்கான இறக்குமதியின் முக்கிய வழி. வீரருக்கு வரிச் சலுகையில் வந்த தோட்டாவை, 'எனக்குக் கொஞ்சம் கொடுங்கண்ணா' என்று சீனியரிடம் கேட்டு வாங்கிவிட முடியாது. அது விளையாட்டுக்காக அவர் பெயரில் வந்தது.

திடீர் தட்டுப்பாடு ஏன் வருது?

தோட்டா தட்டுப்பாடு பெரும்பாலும் நம்ம ஊரில் தொடங்குவதில்லை. 2012 டிசம்பரில் அமெரிக்காவில் சாண்டி ஹூக் பள்ளித் துப்பாக்கிச்சூடு நடந்தது. இனி சட்டம் கடுமையாகும் என்று பயந்து அங்கே மக்கள் வாங்கிக் குவித்தார்கள். அடுத்த வருடம் முழுக்க, அங்கே மலிவாகக் கிடைத்த .22 தோட்டாவுக்கே கடைகளில் அலைய வேண்டியிருந்தது. 2020 கொரோனா காலத்தில் அதே கதை மறுபடியும் ஓடியது. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும், வெடிமருந்துக்கு மூலப்பொருளான நைட்ரோசெல்லுலோஸுக்கு உலகம் முழுக்கப் போட்டி வந்தது.

தொழிற்சாலைக்கு எப்போதும் முதல் வாடிக்கையாளர் ராணுவம்தான். நீலகிரி அருவங்காட்டில் பிரிட்டிஷ் காலத்திலிருந்து இயங்கும் கார்டைட் தொழிற்சாலையையே எடுத்துக்குங்க. தோட்டாவையும் குண்டையும் உந்தித் தள்ளும் மருந்து அங்கே தயாராகிறது. முதல் தேவை பாதுகாப்புப் படைகளுடையது. உலகம் முழுக்க இதுதான் வரிசை. போர் வந்தால் விளையாட்டு வீரர் கடைசியில் நிற்பார்.

பெல்லட் இதில் கொஞ்சம் தப்பிக்கும். அதில் வெடிமருந்தே இல்லையே! அதைப் பாதிப்பது ஈய விலையும், சரக்கு வந்து சேரும் தாமதமும்தான்.

கூரியர் கணக்கு

.22 தோட்டா சர்வதேசப் போக்குவரத்து விதிகளின்படி வெடிபொருள் வகுப்பில் வரும். சாதாரண கூரியரில், தபாலில் அனுப்பக் கூடாது. அனுமதி, சிறப்பு பேக்கிங், ஆவணங்கள் எல்லாம் வேண்டும். அந்தச் செலவும் கடைசியில் தோட்டா விலையில்தான் உட்காரும். ஷாட்கன் தோட்டாவில் எடையும் சேரும். ட்ராப் தகுதிச் சுற்றில் 125 தட்டுகள். ஒரு தட்டுக்கு இரண்டு தடவை வரை சுடலாம். ஒரு தோட்டாவில் 24 கிராம் ஈயம். 250 தோட்டா என்றால், ஈயம் மட்டுமே 6 கிலோ!

பெல்லட்டை பார்சலில் வரவழைக்கலாம். அதில் ஒரு சின்ன சூட்சுமம் இருக்கு. ரைபிள் பெல்லட் ஒன்று சுமார் 0.53 கிராம். 500 இருக்கும் ஒரு டப்பாவில் ஈயம் 265 கிராம். பல கூரியர்கள் அரை கிலோ, ஒரு கிலோ என்று படிப்படியாகக் கட்டணம் போடுவார்கள். இரண்டு டப்பா வாங்கினால் 530 கிராம். அரை கிலோவைத் தாண்டிவிடும், ஒரு கிலோ கட்டணம் விழும். மூன்று டப்பா என்றாலும் ஈயம் 795 கிராம்தான். பேக்கிங்கோடு ஒரு கிலோவுக்குள் அடங்குமா என்று கடையில் கேளுங்க. அடங்கினால் மூன்றாவது டப்பா கட்டணமில்லாமல் வந்து சேரும்.

ரைபிளுக்கு எடை மட்டும் பார்க்க மாட்டார்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது வழக்கமான முறை. 120 x 30 x 15 செ.மீ. பெட்டி என்றால் 10.8 கிலோவுக்குக் கட்டணம், உள்ளே இருப்பது 5 கிலோ ரைபிளாக இருந்தாலும். முடிந்தால் நேரில் போய் வாங்கி வருவது லாபம்.

ஒரு வருஷத்துக்கு எவ்வளவு?

திருத்தணி மலைக்கு 365 படி, வருஷத்துக்கு 365 நாள்னு சொல்வாங்க இல்லையா? பெல்லட் பட்ஜெட்டையும் அப்படி வருஷக் கணக்கில் போடுங்க.

ஒரு போட்டியின் தகுதிச் சுற்றில் 60 குண்டுகள். அதற்கு முன் குறி சரிபார்க்கச் சுடுவது தனி. பயிற்சி நாளுக்கு 100 என்று வைத்தால், மாதம் 25 நாளுக்கு 2,500. அதாவது 5 டப்பா. வருடத்துக்கு 60 டப்பா, 30,000 பெல்லட், கிட்டத்தட்ட 16 கிலோ ஈயம்!

உதாரணத்துக்கு ஒரு டப்பா 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குண்டு 2 ரூபாய். வருடத்துக்கு 60,000 ரூபாய். இந்த 1,000-க்குப் பதில் இன்று உங்க கடைக்காரர் சொல்லும் விலையைப் போட்டுப் பாருங்க. இதோட ரேஞ்ச் கட்டணம், சென்னைக்குப் போய்வரும் செலவு எல்லாம் தனி. திருத்தணியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு ரயிலில் சுமார் 80 கிலோமீட்டர்.

குறைக்க வழி இருக்கு:

* தினமும் சுட வேண்டியதில்லை. குண்டு இல்லாமல் குறிபார்த்து ட்ரிகர் இழுக்கும் 'டிரை ஃபயர்' பயிற்சியை வீட்டிலேயே செய்யலாம். பெரிய வீரர்களும் செய்வதுதான். அதற்கான வசதி உங்க ரைபிளில் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, அறையில் பெல்லட்டே இல்லை என்பதை உறுதி செய்துவிட்டுத் தொடங்குங்கள்.
* பயிற்சிக்கு விலை குறைந்த பெல்லட், போட்டிக்கு மட்டும் உயர் ரகம்.
* போட்டி பெல்லட்டை மொத்தமாக வாங்கும்போது எல்லா டப்பாவிலும் ஒரே லாட் எண் இருக்கிறதா பாருங்கள். லாட் மாறினால் குறியும் கொஞ்சம் மாறலாம்.
* நண்பர்கள் சேர்ந்து ஆர்டர் போட்டு கூரியர் செலவைப் பகிரலாம்.
* இரண்டு மாதத்துக்கான இருப்பு எப்போதும் கையில் இருக்கட்டும். தட்டுப்பாட்டில் அடித்துப்பிடித்து வாங்குபவர்தான் அதிக விலை கொடுப்பார்.

இதெல்லாம் வேண்டவே வேண்டாம்

இன்ஸ்டாகிராமிலும் டெலிகிராமிலும் 'லைசென்ஸ் வேண்டாம், வீட்டுக்கே டெலிவரி' என்று தோட்டா விற்பதாக வரும் விளம்பரங்களைத் தொடாதீங்க. பொருள் வந்தால் ஆயுதச் சட்ட வழக்கு, வராவிட்டால் பணம் காலி. பெல்லட், ஏர் கன் பெயரிலும் போலித் தளங்கள் இருக்கலாம். ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு அழையுங்க.

தோட்டா வைத்த கீசெயின், டாலர் ஸ்டைலாத்தான் இருக்கும். ஆனா ரேணிகுண்டாவிலோ சென்னையிலோ விமான நிலைய ஸ்கேனரில் அது தோட்டாதான். லைசென்ஸ் இல்லாத ஒரே ஒரு தோட்டா போதும், பயணம் காவல் நிலையத்தில் முடியும். தாத்தா காலத்துப் பெட்டியில் பழைய தோட்டா கிடைத்தால் தட்டிப் பார்க்காமல், தூக்கி எறியாமல் போலீஸுக்குச் சொல்லுங்க.

ஏர் கன்னை மைனா, கிளி, குரங்கு மேல் திருப்பாதீங்க. 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அங்கே காத்திருக்கு. பெல்லட் ஈயம் என்பதால் வாயில் வைக்கக் கூடாது. பயிற்சி முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாடு.

அப்போ எங்கே தொடங்கலாம்?

10 மீட்டரில் தொடங்குங்கள். லைசென்ஸ் அலைச்சல் இல்லை, போர் வந்தால் வரும் மருந்துத் தட்டுப்பாடு இல்லை, பெல்லட் வீட்டுக்கே வரும். சிறிய ஊரிலிருந்து வரும் ஒருவருக்கு இந்த விளையாட்டில் திறந்திருக்கும் அகலமான வாசல் இதுதான். முதல் மூன்று மாதம் சொந்தத் துப்பாக்கி வேண்டாம். கிளப் ரைபிளில் பழகிக்கொண்டு, ஒரு நோட்டில் எத்தனை பெல்லட் செலவாகிறது என்று எழுதிவாருங்கள். அந்த நோட்டோட அப்பா, அம்மாகிட்ட போய் உட்காருங்க. ரைபிள் விலையோடு ஒரு வருட பெல்லட் செலவையும் சேர்த்துக் கேளுங்க. அந்த இரண்டாவது தொகைக்கு வழி கிடைத்த பிறகு ரைபிளுக்கு ஆர்டர் போடலாம்.