கதையை எங்கே முடிப்பது?



போன வாரம் இரவு பத்து மணி இருக்கும். எதிர்வீட்டு அம்மா திண்ணைக்கு வந்து பொரிந்து தள்ளினார். "இன்னா சார் இது? ஒரு வாரமா அந்தப் பொண்ணு எதிர்த்துப் பேசப்போவுதுன்னு காட்டிட்டு, இன்னிக்குக் கடைசியில எல்லாம் கனவுன்றான்!" வீட்டுக்காரர், "சீரியலுக்குப் போயி இம்மாங் கோவமா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1988 நினைவுக்கு வந்தது.

ராமானந்த சாகரின் ராமாயணம் 1987 ஜனவரி 25 முதல் ஞாயிறு காலைகளில் தூர்தர்ஷனில் வந்தது. நான் ஆசிரியர் பயிற்சி முடித்து வேலையில் சேர்ந்த புதிது. எங்கள் பழையசீவரத்தில் டிவி இருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். எனக்கு இந்தி தெரியாது, ஆனால் கம்பன் கதை தெரியும் என்பதால் முன்வரிசையில் உட்காரவைத்து, "இப்ப இன்னா சொல்றாரு சார்?" என்று கேட்பார்கள். நானும் குத்துமதிப்பாகச் சொல்வேன்!

பட்டாபிஷேகத்தோடு தொடரை முடிக்கத் திட்டம். நமக்கு அதில் குறையே தெரியவில்லை. கம்பரே முடிசூட்டு விழாவோடு நிறுத்திவிட்டார். தமிழ் உத்தர காண்டம் ஒட்டக்கூத்தர் பெயரில் தனியாக இருக்கிறது. ஆனால் பஞ்சாபில் ஜலந்தர் நகரத் துப்புரவுப் பணியாளர்கள் இதை ஏற்கவில்லை. அவர்கள் வால்மீகி முனிவரைத் தங்கள் முன்னோராக வணங்குகிறவர்கள். காட்டுக்கு அனுப்பப்பட்ட சீதைக்கு வால்மீகி அடைக்கலம் கொடுப்பதும், லவனையும் குசனையும் வளர்த்து ஆளாக்குவதும் உத்தர காண்டத்தில்தான் வருகிறது. அதை விட்டுவிட்டால் அவர்களுடைய முனிவருக்குக் கதையில் என்ன இடம்?

வேலைநிறுத்தம் செய்தார்கள். அது வடநாட்டின் வேறு சில நகரங்களுக்கும் பரவியது. தெருவில் குப்பை குவிந்தது. கடைசியில் அரசாங்கம் இறங்கிவந்தது. மிச்சக் கதை தனித் தொடராக எடுக்கப்பட்டு ஒளிபரப்பானது. ஒரு தொடரின் முடிவை மாற்றுவதற்காகத் துடைப்பத்தைக் கீழே வைத்தவர்களைப் பற்றி எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் நடத்தியதில்லை. நடத்தியிருக்க வேண்டும்.

நம் பக்கத்திலும் இந்தக் கோபம் டிவிக்கு முன்பே உண்டு. கல்கி பத்திரிகையில் 1950 முதல் 1954 வரை வந்த பொன்னியின் செல்வன் முடிந்தபோது, திடீரென்று நிறுத்திவிட்டதாக வாசகர்கள் குறைப்பட்டார்கள். கல்கி அதை அலட்சியம் செய்யவில்லை. முடிவுரை எழுதிப் பதில் சொன்னார். (ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று இன்னும் சண்டை போடுகிறோம், அது வேறு!)

ஆனால் பதில் சொல்ல ஆளே இல்லாத ஏமாற்றமும் உண்டு. எதிர்நீச்சல் தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து, 2023 செப்டம்பர் 8 அன்று அதே தொடருக்கு டப்பிங் பேசப்போன இடத்தில் நெஞ்சுவலி வந்து காலமானார். அந்தப் பாத்திரத்தை எங்கள் தெருப் பெண்கள் தினமும் திட்டுவார்கள். திட்டிக்கொண்டே, அந்த வீட்டு மருமகள்களிடம் அவன் தோற்கும் நாளுக்குக் காத்திருந்தார்கள். பிறகு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அந்த வேடத்தில் வந்தார். நன்றாகத்தான் நடித்தார். இருந்தாலும், "அந்தக் குரல் தோக்கறதைத்தானே சார் பாக்கணும்னு இருந்தோம்" என்றார் ஒரு அம்மா. அவருடைய மாமனாரை எனக்குத் தெரியும். அதனால் நான் ஒன்றும் பேசவில்லை.

இன்று காலை எதிர்வீட்டு அம்மாவைப் பார்த்தேன். "அந்தப் பொண்ணு பேசிடுச்சாம்மா?" என்று கேட்டேன். "இன்னும் இல்ல சார்" என்றார்.

1988-இல் நீங்கள் யார் வீட்டில் ராமாயணம் பார்த்தீர்கள்? கீழே எழுதுங்கள், படிக்க ஆசை.