திரிபுவன்தாஸ் படேலும் கைரா மாவட்டப் பால் சங்கமும்

சட்டசபைகளிலும் பாராளுமன்றத்திலும் வீற்றிருந்தோரின் வரலாற்றை எழுதப் புகுவோர், அவர்கள் ஆற்றிய சொற்பொழிவுகளையும் வகித்த பதவிகளையும் தொகுத்துத் தருவதே வழக்கம். அம்முறையில் எழுதினால் ஸ்ரீ திரிபுவன்தாஸ் கிஷிபாய் படேலுக்கு உரிய பக்கங்கள் மிகச் சிலவே ஆகும். 1967 முதல் 1968 வரையிலும், மீண்டும் 1968 முதல் 1974 வரையிலும் அவர் குஜராத்தின் பிரதிநிதியாக இராஜ்ய சபையில் இருந்தார். ஆயினும் அவருடைய பெயர் நிலைபெற்றது தில்லியில் அன்று. கைரா மாவட்டத்துச் சிற்றூர்களில், காலையும் மாலையும் பாற்குடம் ஏந்தி வரிசையில் நின்ற எளிய குடும்பங்களின் நடுவிலேதான்.

பிழைப்பின் பொருட்டுத் தமிழகம் விட்டு இம்மாநிலத்திற்கு வந்து குடியேறிய நாம், நாள்தோறும் காலைக் காப்பியில் கலக்கும் பாலுக்குப் பின்னே இப்பெருமகனாரின் உழைப்பு உள்ளது என்பதைச் சற்றே நினைத்துப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம். ஆதலின் அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் கூற முற்படுகிறேன்.

கைராவின் மண்ணும் மக்களும்

குஜராத்தி மக்கள் கேடா என்று வழங்கும் மாவட்டத்தையே ஆங்கிலேயர் கைரா என்று அழைத்தனர். 1918-ஆம் ஆண்டில் விளைச்சல் பொய்த்தும் நிலவரி குறையாதபோது, காந்தியடிகளும் வல்லபபாய் படேலும் விவசாயிகளை ஒன்று திரட்டிச் சத்தியாக்கிரகம் நடத்திய பூமி அது. சர்தார் படேலின் குடும்பத்தார் வாழ்ந்த கரம்சத் என்னும் ஊர் ஆனந்த் நகருக்கு அண்மையில் உள்ளது. அந்த ஆனந்தில் 1903-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் திரிபுவன்தாஸ் பிறந்தார். காந்தியடிகளின் அழைப்புக்குச் செவிசாய்த்து 1930-ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகத்திலும், 1942-ஆம் ஆண்டு இயக்கத்திலும் சிறை புகுந்தார். சிறையினின்று மீண்டவர் ஊர் ஊராகச் சென்று மக்களுடன் பழகியே தம் பொதுவாழ்வை அமைத்துக் கொண்டார்.

அம்மாவட்டத்துச் சிறு விவசாயிக்கு நிலத்தின் வருவாய் ஆண்டுக்கு ஒருமுறை வரும். எருமையின் வருவாயோ நாள்தோறும் வரும். ஆயினும் பாலைப் பல நாழிகை வைத்திருக்க இயலாது. மாலைக்குள் விற்றாக வேண்டும் என்ற நெருக்கடியே இடைத்தரகர்களுக்கு மூலதனமாயிற்று. பால் வாங்குவோன் சொன்னதே விலை. அவன் அளந்ததே அளவு.

1945-ஆம் ஆண்டில் பம்பாய் சர்க்கார், அந்நகர மக்களுக்கு நல்ல பால் வழங்குவதற்காக ஒரு திட்டம் வகுத்தது. 250 மைலுக்கு அப்பாலுள்ள ஆனந்திலிருந்து பால் இரயிலேற்றி அனுப்பப்பட்டது. அதனைச் சேகரித்துத் தரும் உரிமை போல்ஸன் என்னும் தனியார் நிறுவனத்திற்கு வழங்கப்பட்டது. நகரத்தார்க்குப் பால் கிடைத்தது. நிறுவனத்திற்கு இலாபம் கிடைத்தது. கறந்து கொடுத்தவனுக்கு மட்டும் பழைய நிலையே நீடித்தது.

சங்கம் பிறந்த வரலாறு

துன்புற்ற விவசாயிகள் சர்தார் படேலை அணுகினர். அவர் கூறிய வழி எளிதன்று. உங்கள் பாலை நீங்களே ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் விற்பனை செய்யுங்கள். அதற்கு அனுமதி மறுக்கப்படின் தரகர்களுக்குப் பால் கொடுப்பதை நிறுத்துங்கள். அதனால் வரும் நஷ்டத்தைத் தாங்கும் மனவுறுதி உண்டா என்று எண்ணிப் பாருங்கள் என்பதே அவருடைய அறிவுரையின் சாரம். பின்னர் அவர் ஸ்ரீ மொரார்ஜி தேசாயை அனுப்பினார். 1946-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் ஸமர்கா என்னும் சிற்றூரில் கூடிய கூட்டத்தில், ஒவ்வோர் ஊரிலும் ஒரு பால் உற்பத்தியாளர் சங்கம், அவையனைத்தையும் இணைக்கும் மாவட்டச் சங்கம் ஒன்று என்று முடிவாயிற்று. அதனை நடத்திச் செல்லும் பொறுப்புத் திரிபுவன்தாஸின் தோளில் விழுந்தது.

சர்க்கார் அக்கோரிக்கையை ஏற்கவில்லை. விவசாயிகள் சுமார் 15 நாட்கள் தரகர்களுக்கு ஒரு துளிப் பாலும் கொடுக்க மறுத்தனர். பம்பாய்த் திட்டம் நிலைகுலைந்தது; அதிகாரிகள் ஆனந்துக்கே நேரில் வந்து நிலைமையைக் கண்டு இணங்கினர். 1946-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள் கைரா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் சங்கம் பதிவு செய்யப்பட்டது. திரிபுவன்தாஸ் அதன் தலைவரானார்.

போராட்டத்தில் வெல்வது வேறு. வென்றதை நடத்திக் காட்டுவது வேறு. 1948-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பால் அனுப்பத் தொடங்கியபோது இணைந்திருந்தவை இரண்டே ஊர்ச் சங்கங்கள். சேர்ந்த பால் நாளொன்றுக்குச் சுமார் 250 லிட்டர். மற்ற ஊரார் ஐயத்துடன் பார்த்து நின்றனர். திரிபுவன்தாஸ் ஒவ்வோர் ஊராகச் சென்று, அரச மரத்தடியிலும் வீட்டுத் திண்ணையிலும் அமர்ந்து, எடுத்துரைத்தார். ஆடிக் கறக்கும் மாட்டை ஆடியும் பாடிக் கறக்கும் மாட்டைப் பாடியும் கறக்க வேண்டும் என்னும் நம் பழமொழிக்கு அவர் நல்ல எடுத்துக்காட்டு. அவ்வாண்டு முடிவில் 432 விவசாயிகள் சேர்ந்து, நாளொன்றுக்கு 5,000 லிட்டர் பால் வந்தது என்பது அவருடைய நாவன்மைக்கன்று, நாணயத்திற்குக் கிடைத்த சான்று.

சிறு பங்கு, பெரும் உரிமை

இச்சங்கத்தின் அமைப்பை ஆராய்ந்தால் அதன் வெற்றியின் மர்மம் விளங்கும். ஊர்ச் சங்கத்தில் சேர விரும்புவோர் ஒரு சிறு நுழைவுக் கட்டணமும் பங்குத் தொகையும் செலுத்த வேண்டும். ஓர் எருமை வைத்திருப்பவருக்கும் பத்து எருமை வைத்திருப்பவருக்கும் வாக்கு ஒன்றே. பால் கொழுப்பின் அளவைப் பார்த்துச் சோதிக்கப்படும். நீர் கலந்தவர் அகப்படுவர். நல்ல பால் தந்தவர் கூடுதல் பெறுவர். அக்காலத்தில் காலையில் கொடுத்த பாலுக்கு மாலையிலும், மாலையில் கொடுத்ததற்கு மறுநாட் காலையிலும் பணம் கையில் விழுந்தது. சாதி வேற்றுமை மிகுந்திருந்த அக்காலத்தில், முன்னே வந்தவர் முன்னும் பின்னே வந்தவர் பின்னுமாக எல்லாரும் ஒரே வரிசையில் நின்று, எல்லார் பாலும் ஒரே பாத்திரத்தில் கலந்தது. மேடைப் பேச்சுகளால் ஆகாத ஒரு காரியத்தை அவ்வரிசை ஓரளவேனும் செய்தது.

ஆண்டு முடிவில் மிஞ்சிய இலாபத்தில் ஒரு பகுதி, தந்த பாலுக்கேற்ப உறுப்பினர்க்கே போனஸாகத் திரும்பியது. மற்றொரு பகுதி பள்ளிக்கூடம், நூலகம், சாலை, குடிநீர் போன்ற ஊர்ப்பொதுக் காரியங்களுக்குச் சென்றது. மாவட்டச் சங்கமோ கால்நடை மருத்துவர்களை வண்டிகளில் ஊர் தோறும் அனுப்பியது. தனி மருத்துவரை அழைக்க வசதியில்லாத ஏழையின் எருமைக்கும் குறைந்த கட்டணத்தில் சிகிச்சை கிடைத்தது. செயற்கைக் கருவூட்டல் மூலம் நல்ல இனம் பெருகியது. கஞ்சரியில் அமைந்த தொழிற்சாலை கலப்புத் தீவனம் தந்தது.

இங்கே ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. இச்சேவைகள் தானமாக வந்தவை அல்ல. சர்க்கார் சலுகையாக இறங்கி வந்தவையும் அல்ல. உறுப்பினர் இட்ட முதலும் அவர் ஊற்றிய பாலும் ஈட்டிய பொருளே சேவையாக உருமாறி அவர் வாயிலுக்கு வந்தது. பெறுபவன் கைகூப்பி நிற்கவில்லை; உடைமையாளனாக நிமிர்ந்து நின்று கேட்டான். மலிவு என்பதைவிட அந்த நிமிர்வே பெரிதென்று கருதுகிறேன்.

தலைவரும் மேலாளரும்

இச்சங்கத்தின் பெயரைச் சொன்னவுடன் டாக்டர் வர்கீஸ் குரியனின் பெயரே நம் நினைவுக்கு வரும். கோழிக்கோட்டில் பிறந்த அவர், சென்னை லயோலாக் கல்லூரியிலும் கிண்டிப் பொறியியற் கல்லூரியிலும் பயின்றவர் ஆகையால், நமக்கும் அவரோடு ஓர் உறவுண்டு. 1949-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் நாள், சர்க்கார் உபகாரச் சம்பளத்தில் அமெரிக்கா சென்று படித்ததற்குக் கைம்மாறாக, ஆனந்திலிருந்த சர்க்கார் பாற்பண்ணையில் வேலைசெய்ய வந்தார். ஊரும் பிடிக்கவில்லை, வேலையும் பிடிக்கவில்லை. அருகில் பழைய இயந்திரங்களோடு போராடிக் கொண்டிருந்த கூட்டுறவுச் சங்கத்திற்கு மட்டும் அவ்வப்போது பழுது பார்த்துக் கொடுத்தார். இனி ஒட்டுப்போட்டுப் பயனில்லை, புது இயந்திரம் வேண்டும் என்று அவர் கூறியபோது, திரிபுவன்தாஸ் கடன் திரட்டி அதனை வாங்கச் செய்தார். குரியன் வேலையை விட்டுப் பம்பாய்க்குப் புறப்பட ஆயத்தமானபோது, அவ்வியந்திரத்தை நிறுவும் வரையிலாவது தங்கிச் செல்லுமாறு வேண்டினார். அவ்வாறு தங்கியவர் வாழ்நாள் முழுவதும் ஆனந்திலேயே தங்கிவிட்டார்.

தலைவர் விவசாயிகளைக் கவனித்துக் கொண்டார். மேலாளர் பண்ணையைக் கவனித்துக் கொண்டார். அரசியல் தலையீடு மேலாளரை அணுகாதவாறு திரிபுவன்தாஸ் அரணாக நின்றார். எருமைப் பாலிலிருந்து பால் மாவு எடுக்க இயலாது என்று பிற நாட்டு வல்லுநர் கூறிக் கொண்டிருந்தபோது, ஸ்ரீ எச். எம். தலாயா என்னும் அறிஞர் அதனைச் செய்து காட்டினார். 1955-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள், சர்தாரின் பிறந்த நாளன்று, புதிய பண்ணையைப் பண்டித நேரு திறந்து வைத்தார். அமுல் என்னும் பெயர் இச்சங்கத்தின் பொருள்களுக்கு வழங்கலாயிற்று. 1963-ஆம் ஆண்டில் திரிபுவன்தாஸ், குரியன், பம்பாய்ப் பால் திட்டத்தைச் சேர்ந்த தாரா குரோடி ஆகிய மூவருக்கும் மகஸேஸே விருது கிடைத்தது. மறு ஆண்டு திரிபுவன்தாஸ் பத்மபூஷண் பெற்றார்.

1964-ஆம் ஆண்டு அக்டோபரில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி கஞ்சரித் தீவனத் தொழிற்சாலையைத் திறக்க வந்து, அஜர்புரா என்னும் ஊரில் ஒரு விவசாயியின் இல்லத்தில் இரவு தங்கினார். இம்மண்ணிலோ மழையிலோ மாட்டிலோ தனிச் சிறப்பு ஒன்றும் இல்லாதிருக்க, இங்கு மட்டும் இவ்வளர்ச்சி எவ்வாறு வந்தது என்று ஆராய்ந்தார். பண்ணைக்கு உடையவர் விவசாயிகளே என்பதே விடையாயிற்று. அதன் பயனாக 1965-ஆம் ஆண்டில் தேசியப் பால்வள வாரியம் ஆனந்திலேயே அமைந்தது. 1981-ஆம் ஆண்டு முதல் தமிழகத்தில் ஆவின் என வழங்கும் கூட்டுறவு இணையமும் ஆனந்த் முறையைத் தழுவியதே ஆகும்.

ஒரு ரூபாய்க் காணிக்கை

1970-களின் தொடக்கத்தில் திரிபுவன்தாஸ் தலைமைப் பதவியினின்று விலகினார். நன்றியுள்ள உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு ரூபாய் திரட்டி அவருக்குக் காணிக்கையாக்கினர். அவர் அதனைத் தமக்கென வைத்துக் கொள்ளாமல் ஓர் அறக்கட்டளைக்கு முதலாக்கினார். 1975-ஆம் ஆண்டில் தோன்றிய திரிபுவன்தாஸ் அறக்கட்டளை தாய்மார்கள், குழந்தைகள் ஆகியோரின் உடல்நலத்தைத் தன் முதற் கடமையாகக் கொண்டது. எருமைக்கு வைத்தியர் வருகிறார், எருமையைப் பேணும் பெண்ணுக்கு வைத்தியர் இல்லையே என்னும் குறைக்கு அது விடையாயிற்று. ஊர்ப் பெண் ஒருத்தியைத் தேர்ந்து பயிற்றுவித்து, எளிய மருந்துகளுடன் அவ்வூரிலேயே பணியாற்றச் செய்தனர். பால் சங்கமே அதற்கு உறுதுணையாயிற்று.

நடுநிலையோடு நோக்கின் குறைகளும் உண்டு. மாட்டுக்குத் தீனியிட்டு, நீர் காட்டி, பால் கறந்தவர் பெரும்பாலும் பெண்கள்; சங்கப் பதிவேட்டில் உறுப்பினராக எழுதப்பட்ட பெயர்களோ நெடுங்காலம் பெரும்பாலும் ஆண்களுடையவை. மாடு வாங்க வழியற்ற பரம ஏழைக்கு இச்சங்கம் நேரே பயன்படவில்லை. இக்குறைகள் அவருடைய பணியின் பெருமையைக் குறைப்பன அல்ல. பின்வருவோர் தொடர வேண்டிய வேலையைக் காட்டுவன.

1994-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 3-ஆம் நாள் அவர் மறைந்தார். 1997-இல் கைரா மாவட்டம் பிரிக்கப்பட்டு ஆனந்த் தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் மாறினாலும் ஊர்ச் சங்கங்களில் அன்றாட வரிசை தொடர்கிறது.

நமக்கு ஒரு பாடம்

கூட்டுறவு தமிழர்க்குப் புதிதன்று. 1904-ஆம் ஆண்டிலேயே சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிவிட்டது. எனினும் வேற்றூரில் வாழும் நாம் நம் காலனிச் சங்கத்திற்கு ஆண்டுச் சந்தா செலுத்துவதோடு கடமை தீர்ந்தது என்று எண்ணிவிடுகிறோம். சந்தாவைக் கட்டணமாக நினைப்பவன் விழாவுக்கு வந்து விருந்துண்டு செல்வான். பங்காக நினைப்பவனோ கணக்கைக் கேட்பான், பொதுக்குழுவுக்கு வருவான், ஒரு பொறுப்பையும் ஏற்பான். குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு, முதியோர்க்கு மருத்துவத் துணை, புதிதாக வந்த குடும்பத்திற்கு வழிகாட்டல் ஆகியவை பெருஞ்செல்வர் ஒருவரின் கொடைக்காகக் காத்திருக்க வேண்டியவை அல்ல. ஊர் கூடித் தேர் இழுத்தால் வடம் பிடித்த ஒவ்வொருவர்க்கும் தேர் சொந்தம். இரண்டு ஊர்களையும் 250 லிட்டர்ப் பாலையும் கொண்டு திரிபுவன்தாஸ் தொடங்கினார். நம் காலனியில் அதனினும் கூடுதலான கைகள் உள்ளன என்பதை நினைவிற் கொள்வோமாக.